ஆப்ரிகாட் கரியும் ராஷ்கோவின் அடுப்பும்

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தொண்ணூற்றேழாம் வருடக் குளிர்காலம் என்றால் ரொட்டி வரிசையைத்தான் சொல்வார்கள். பேக்கரி வாசலில் ஆரம்பித்து, மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, ஆற்றங்கரைச் சரிவு வரை நீண்டுகிடந்த வரிசை. நானும் அதில் நின்றிருக்கிறேன். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் எனக்குள் என்னவோ இளகிவிடுகிறது. பசியும் குளிருமாகக் கழிந்த மாதங்களுக்குப் போய் யாராவது ஏங்குவார்களா என்று என் கணவர் கேட்பார். அவர் கடற்கரை நகரமான வார்னாக்காரர். நான் அப்போது வேலை பார்த்த உலைக்கூடத்தை அவர் பார்த்ததே இல்லை.

எங்கள் ஊரான துத்ரகானில் டான்யூப் ஆற்றை ஒட்டிப் பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஆப்ரிகாட் பருவத்தில் வண்டி வண்டியாகப் பழம் வந்து இறங்கும். சதை ஜாமுக்கும் சாறுக்கும் போய்விடும். கொட்டைகள் பின்முற்றத்தில் மலையாகக் குவியும். கொட்டையின் ஓட்டைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கினால் சர்க்கரைப் பாகின் அழுக்கு நிறத்தை அது உறிஞ்சிவிடும். அதற்காகத்தான் முற்றத்தின் மூலையில் எங்கள் ஆய்வுக்கூடத்தைக் கட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் நிறையப் பேர் வேலை பார்த்த இடம். அந்தக் குளிர்காலத்தில் மிஞ்சியது நாங்கள் மூவர்தான். வேலையை நிறுத்தச் சொல்லியும் எங்களுக்கு உத்தரவு வரவில்லை, தொடரச் சொல்லியும் வரவில்லை.

லியுட்மில் எங்களில் மூத்த வேதியியலாளர். கதவு நிலைகளில் தலையை இடித்து இடித்துக் குனிந்தே நடக்கப் பழகிவிட்ட நெட்டை மனிதர். ஷெச்கா அக்கா உலையையும் இயந்திரங்களையும் பார்த்துக்கொண்டார். அதற்கு முன்னால் படகுத் துறையில் வெல்டராக இருந்தவர். அவர் வாயில் விழாதவர்கள் ஊரில் கிடையாது. மூன்றாவது ஆள் நான், வெனெலினா. வெனா என்று கூப்பிடுவார்கள். முப்பதைத் தொடவில்லை, கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருந்தேன்.

சர்க்கரைப் பாகில் லியுட்மிலுக்கு மனம் ஒட்டியதே இல்லை. அவருக்கு வாயுக்களைப் பிரிக்க வேண்டும். கரித்துண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கின்றன. அந்தத் துளைகளின் வாயைச் சரியான அளவுக்குச் சுருக்கிவிட்டால் ஒல்லியான வாயு உள்ளே போய்விடும், தடித்தது வெளியே நின்றுவிடும் என்பார். நான் சேர்ந்த நாளிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். உலையில் சூடு பிடிக்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவர் பேசுவார். ஷெச்கா அக்கா உலைக்கதவின் மேல் மிளகாயை வாட்டிக்கொண்டு, "ஒல்லியா இருக்கறவன்லாம் உள்ள போலாம்னா எனக்கு வாசல்லயே இடம் போட்டுடு, என்ஜினியரே" என்பார். அந்த வாட்டிய மிளகாயை ரொட்டியில் வைத்து மூவரும் தின்போம். ரொட்டி இருந்த வரைக்கும்.

டிசம்பரில் ஊருக்கு அடுப்பெரிக்கும் ஃபர்னஸ் ஆயில் வருவது நின்றுபோனது. ஜனவரியில் எப்படியோ அரசுக் கிடங்கிலிருந்து மாவு மட்டும் வந்து சேர்ந்தது. மாவு மூட்டைகள் அடுக்கிக் கிடக்க, பேக்கரி அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. விறகுக்குத் தோதான அடுப்பு இல்லை அது. ஊருக்கு வெளியே இருந்த பன்றிப் பண்ணையில் கழிவைத் தொட்டியில் ஊறவைத்து வாயு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பாசனக் குழாய்களை வரிசையாகப் பூட்டி அந்த வாயுவைப் பேக்கரிக்குக் கொண்டுவர நகராட்சியில் ஏற்பாடு செய்தார்கள்.

பேக்கரியை நடத்தியவர் ராஷ்கோ. அதிகம் பேசாத, பருத்த மனிதர். பண்ணை வாயுவில் முதல் ரொட்டி சுட்ட அன்று வரிசையில் நானும் இருந்தேன். குளிரில் தொட்டியின் வாயு கெட்டுப்போய், பாதிக்கு மேல் எரியாத கரியமில வாயுவாக இருந்தது. சுடர் மேலும் கீழும் தத்தளித்து அணைந்து அணைந்து எரிந்ததாம். ரொட்டி உள்ளே மாவாகவே இருந்தது, மேலே தீக்குச்சி உரசிய நாற்றம் அடித்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் அதை மோந்து பார்த்துவிட்டு, "ராஷ்கோ அண்ணே, ரொட்டி வாங்கினா பன்னி இலவசமா?" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. ராஷ்கோ சிரிக்கவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர் அன்று முழுக்க வெளியே வரவில்லை என்று சொன்னார்கள்.

நான் போய் லியுட்மிலிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இருந்த கரியை ஒரு சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பிவிட்டார்.

கரிக்குள் வாயுவைச் செலுத்தியதும் நாற்றம் போய்விட்டது. அது சுலபமான வேலை. ஆனால் சுடர் முன்னைவிட நோஞ்சானாகிவிட்டது. எங்கள் கரி சர்க்கரைப் பாகுக்காகச் செய்தது; அதன் துளைகளுக்கு வாய் அகலம். எரியாத கரியமில வாயுவோடு எரிகிற மீத்தேனையும் சேர்த்து விழுங்கியது. மீத்தேன் கொஞ்சம் தடித்த ஆசாமி. அவனை மட்டும் வெளியே நிறுத்துகிற அளவுக்கு வாசலைக் குறுக்க வேண்டும். லியுட்மில் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அதன் பிறகு உலை அணையவே இல்லை, கரண்ட் இருந்த நேரமெல்லாம். சூட்டைக் கூட்டினோம், குறைத்தோம், ஓட்டைப் பொடியாக்கிப் போட்டோம், முழுசாகப் போட்டோம். பண்ணை வாயுவை ஒரு பையில் பிடித்துவந்து, கண்ணாடிக் குழாயில் அடைத்த கரி வழியே விட்டு, மறுமுனையில் கொளுத்திப் பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் மஞ்சளாக, சோம்பலாக ஒரு சுடர் வரும், குழாய் வாயிலிருந்து எம்பி அணைந்துவிடும். ஷெச்கா அக்கா தலையில் அடித்துக்கொள்வார். லியுட்மில் அடுத்த சட்டி ஓட்டை எடுப்பார். ஜன்னலுக்கு வெளியே டான்யூபில் பனிக்கட்டிகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு போகும். அக்கரையில் ருமேனியாவின் புகைபோக்கிகளும் புகையில்லாமல் நிற்கும். உலகத்தில் எங்கள் அறை ஒன்றில்தான் சூடு இருந்த மாதிரி எனக்கு அப்போது தோன்றும்.

லியுட்மில் அந்த மாதம் போயாக வேண்டும். அவர் மனைவி ராலிட்சாவும் மகளும் இலையுதிர் காலத்திலேயே கனடாவுக்குப் போய்விட்டார்கள். அவருக்கான அனுமதி இப்போதுதான் வந்திருந்தது. தவறவிட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. ராலிட்சா எனக்கும் தோழிதான். லியுட்மில் போகத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

தலைநகர் சோபியாவுக்கு ருஸே வழியாகப் போகிற பஸ்ஸில் அவரை ஏற்றிவிட நானும் ஷெச்கா அக்காவும் போனோம். பஸ் வரும் வரைக்கும் அவர் உலையைப் பற்றியே பேசினார். பின்பக்கத்துச் செங்கல் ஒன்று ஆடுகிறது, களிமண் பூச வேண்டும். வால்வுக்கு எண்ணெய் போட வேண்டும். ஷெச்கா அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"போதும். உலைய எனக்குத் தெரியும். நீ அங்க போயி பனிய அள்ளப் போறவன், அதப் பத்தி யோசி."

"அள்ளறேன் அக்கா."

"உன் உசரத்துக்கு அவங்க ஊர்ல மம்புட்டி கெடைக்குமான்னு கேட்டுக்கோ."

லியுட்மில் என்னைப் பார்த்தார். நான் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறும்போது தலையை மேலே இடித்துக்கொண்டார். பஸ் நகர்ந்ததும் ஷெச்கா அக்கா கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குளிர் என்றார்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாள் ஷெச்கா அக்கா வந்து வாசலில் நின்று, உலை தானாகப் பற்றிக்கொள்ளாது என்றார். போனேன்.

கரண்ட் நேரம் வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த நேரத்தையும் நம்ப முடியாது. ஒரு மத்தியானம் உலை நன்றாகச் சிவந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. உலைக்குழாயின் ஒரு பக்கம் சுட்டு முடிந்த கரி; மறுபக்கம் அப்போதுதான் தள்ளிய பச்சை ஓடு. உள்ளிருக்கும் புகையை வெளியே தள்ளுகிற விசிறி நின்றுபோனதால் பச்சை ஓட்டின் தார்ப்புகை முழுவதும் குழாய்க்குள்ளேயே அடைபட்டுக் கரியின்மேல் படிந்தது. கரண்ட் வந்து, உலை ஆறித் திறந்து பார்த்தபோது கரி மங்கலாக, எண்ணெய் தடவியது போல இருந்தது. வீண் என்று ஷெச்கா அக்கா வெளியே கொட்டப் போனார். நல்ல கரி தீர்ந்துபோய்விட்டதால், இருப்பதைத்தான் சோதிப்போம் என்று நான் வாங்கிக் கண்ணாடிக் குழாயில் அடைத்தேன். எந்த நம்பிக்கையும் இல்லாமல்தான் கொளுத்தினேன்.

சுடர் எம்பவில்லை. குழாய் வாயில் உட்கார்ந்து, சின்னதாக, இறுக்கமாக, நீலமாக எரிந்தது. அதன் அடியில் கூர்மையான கூம்பு ஒன்று நின்றது. நான் குனிந்து பார்த்தேன். ஷெச்கா அக்கா விளக்கை அணைத்தார். அரையிருட்டில் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். 

"இது அவனுக்குத் தெரியணும்" என்றார் அக்கா கடைசியில்.

"முதல்ல இன்னொரு தடவ வரட்டும் அக்கா. ஒரு தடவ வந்தா அது தற்செயல்."

இன்னொரு தடவை வரவில்லை. அதற்கடுத்த தடவையும் வரவில்லை. புகை அதிகமானால் துளை அடியோடு அடைத்துக்கொண்டது. குறைந்தால் வாய் அகலமாகவே இருந்தது. கரியின்மேல் படிகிற தார், துளையின் வாயை விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்குகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு ஓடு, எப்போது விசிறியை நிறுத்துவது என்பதுதான் பிடிபடவில்லை. வாசல் நிலையில் லியுட்மில் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்காதா என்று ஒவ்வொரு காலையும் காது அங்கேயே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அழுதுகூட விட்டேன். ஷெச்கா அக்கா ஆறுதல் சொல்லவில்லை. ஒரு கிண்ணம் தயிரை என் முன்னால் வைத்துவிட்டு, சட்டியைக் கழுவப் போய்விட்டார். பிறகு, ஒரு கைப்பிடி பச்சை ஓட்டை மட்டும் கரிக்குப் பின்னால் வைத்து, உலையை அணைத்துவிட்டு, மிச்சமிருக்கும் சூட்டிலேயே புகையைப் படியவிட்டபோது நீலச் சுடர் திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

ஷெச்கா அக்கா படகுத் துறைக்குப் போய், பழைய ஆட்களைப் பிடித்து, இரண்டு பெரிய இரும்பு உருளைகளைக் கொண்டுவந்து பேக்கரி முற்றத்தில் நிறுத்தி வெல்டு வைத்தார். இரண்டிலும் எங்கள் கரி. ஒன்று வாயுவைச் சுத்தம் பண்ணும்போது மற்றது விழுங்கிய கரியமில வாயுவைத் துப்பிவிட வேண்டும். பிறகு மாற்ற வேண்டும். அப்படி மாற்றுவதற்கு ஒரு பெரிய சக்கர வால்வு. தானாகத் திரும்புகிற வால்வெல்லாம் எங்களுக்குக் கிடையாது. கையால்தான் திருப்ப வேண்டும், சூடு ஏறி ரொட்டி வேகும் வரைக்கும் விடாமல்.

ராஷ்கோ எதையும் கேட்கவில்லை. சுத்தம் செய்த வாயுவில் முதல் ரொட்டி சுட்ட காலையில் சுத்தமான ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வாயுவைத் திறந்து, பற்றவைத்தார். அடுப்பு ஒரு தடவை இருமியது. பிறகு ஓ என்ற ஒரே சீரான இரைச்சல். அதை என்னால் இன்றைக்கும் காதில் கேட்க முடிகிறது.  நானும் ஷெச்கா அக்காவும் மாறி மாறி வால்வைத் திருப்பினோம். எங்கள் கை ஓய்ந்தபோது, பன்னி இலவசமா என்று கேட்ட அதே பெண் வரிசையை விட்டு வந்து, "தள்ளுங்கடி, நான் திருப்பறேன்" என்று சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் வரிசையில் நின்றவர்களே முறை போட்டுத் திருப்பினார்கள். திருப்பியவர்களுக்கு வரிசையில் முதலிடம் என்று ராஷ்கோ சொல்லிவிட்டார். அதனால் வால்வுக்கும் ஒரு வரிசை உண்டாகிவிட்டது.

அன்றைய ரொட்டியின் மேல்தோல் பல்லில் நொறுங்கியது. உப்பும் சாவரி என்ற வாசனை இலையின் பொடியும் தொட்டு அப்படியே தின்றோம்.

அன்று மத்தியானம் ராஷ்கோ தன் மேஜைத் தொலைபேசியைக் காட்டி, கனடாவுக்குப் பேசு என்றார். தபால் நிலையத்தில் தொலைபேசி இணைப்பு தரும் பெண்ணும் ரொட்டி வாங்கியிருந்தாள். அவளே கஷ்டப்பட்டு இணைப்பு வாங்கிக் கொடுத்தாள். அங்கே அப்போது விடிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். லியுட்மிலின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"நான் வெனா பேசறேன். பேக்கரியிலேருந்து."

"என்னாச்சு? அக்காவுக்கு ஏதாவது…"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. அடுப்பு எரியுது."

  "என்ன நிறம்?" என்றார்.

"நீலம். அடியில கூம்பு நிக்குது."

"ஃபோன அதுகிட்ட கொண்டு போ."

தொலைபேசியின் கயிறு குட்டை. ராஷ்கோவும் இன்னொருவரும் மேஜையை மாவு மூட்டைகளுக்கு இடையில் இழுத்து வந்தார்கள். நான் தொலைபேசிக் குழலை முடிந்த வரை நீட்டிப் பிடித்தேன். ராஷ்கோ அடுப்பின் கதவைத் திறந்தார். பேக்கரிக்குள் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இரைச்சல் மட்டும் அந்தக் கருப்புக் குழலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அத்தனை தூரத்தில் ஒரு மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்ததும், இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

திரும்பக் காதில் வைத்தபோது அவர் மூச்சு கேட்டது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எத வெச்சு வாயக் குறுக்குன?"

"தார்ப்புகைய வெச்சு. கரண்ட் போனதால தெரிஞ்சுது."

"கரண்ட் போனதாலயா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவரின் குரல் பாதியில் உடைந்தது. "அக்காகிட்ட குடு" என்றார்.

ஷெச்கா அக்கா குழலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்ன நக்கல் வரப்போகிறதோ என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"சாப்பிட்டியாப்பா?" என்றார்.

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று ஷெச்கா அக்கா எங்களிடம் சொல்லவேயில்லை.

இலை துளிர்க்கும் வரைக்கும் எங்கள் கரிதான் ஊருக்கு ரொட்டி சுட்டது. அப்புறம் அரசாங்கம் மாறியது, எண்ணெய் வந்தது. பன்றிப் பண்ணையை யாரோ வாங்கி மூடினார்கள். வாயு நின்றதும் உருளைகளுக்கு வேலையில்லாமல் போனது. ஷெச்கா அக்காவே வந்து அவற்றை அறுத்து இறக்கினார். அந்தக் கோடையில் எங்கள் ஆய்வுக்கூடத்தையும் பூட்டிவிட்டார்கள். ஷெச்கா அக்கா இத்தாலிக்குப் போய் ஒரு பணக்கார மூதாட்டியைப் பார்த்துக்கொண்டார். சில வருடம் கழித்துப் புதுப் பல்வரிசையோடும் பழைய வாயோடும் திரும்பினார். நான் வார்னாவுக்கு வந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். நகரத்துக் குப்பையிலிருந்து வரும் வாயுவைச் சுத்தம் செய்கிற ஆலையில்தான் இப்போதும் வேலை. இங்கே வால்வுகள் தாமாகவே திரும்புகின்றன. கரி கப்பலில் வருகிறது, தேங்காய் ஓட்டில் செய்தது. நல்ல கரி, குறை சொல்ல முடியாது. மூட்டையைப் பிரிக்கும்போது மட்டும் ஒரு கணம் கை தயங்கும்.

லியுட்மில் ஒரே ஒரு தடவை வந்தார், பல வருடம் கழித்து, ஒரு ஜூலை மாதம். கனடாவில் டயர் கிடங்கில் வேலை பார்த்து, பிறகு ஒரு பள்ளியில் ஆய்வகப் பொறுப்பாளராகச் சேர்ந்து, அப்படியே தங்கிவிட்டார். கரி வேலை அவருக்கு மறுபடி அமையவே இல்லை. நானும் வார்னாவிலிருந்து போயிருந்தேன். ஷெச்கா அக்கா வீட்டு முற்றத்தில், திராட்சைக் கொடியின் கீழே மூவரும் உட்கார்ந்தோம். அக்காவுக்கு அப்போது ஞாபகம் கொஞ்சம் தடுமாற ஆரம்பித்திருந்தது. ஆனால் அந்தக் குளிர்காலம் என்றால் கண் பளிச்சென்று ஆகிவிடும்.

அடுப்பு எரிந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று லியுட்மில்தான் கேட்டார். ஃபோனில் சத்தம் மட்டும்தானே கேட்டேன், முழுக்கச் சொல்லுங்கள் என்றார். ஷெச்கா அக்கா என்னைப் பேசவிடாமல் தானே ஆரம்பித்தார். வரிசையைச் சொன்னார், சுத்தமான ஏப்ரனைச் சொன்னார், அடுப்பு இருமியதை அதே மாதிரி இருமிக் காட்டினார். அப்புறம் லியுட்மில் பக்கம் திரும்பி, அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்ப நீதான் குனிஞ்சு உள்ள பாத்த. கதவுல மண்டைய இடிச்சிக்கிட்டு, நீலம் நீலம்னு கத்தினியே. ஞாபகமில்ல?"

நான் திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். லியுட்மில் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தார். நெற்றியை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"ஞாபகம் இருக்கு அக்கா" என்றார். "அப்புறம் சொல்லுங்க."